வெள்ளி பச்சையானால் பணம் திரும்புமா?

கே: வாங்கியபோது வெள்ளியாக மின்னிய டஸ்டி மில்லர் செடி ஒரே மாதத்தில் பச்சையாகிவிட்டது. வராந்தாவில்தான் வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர், வாரம் தவறாமல் உரம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ப: அவர்மேல் தப்பில்லை. அந்த வெள்ளை, இலைமேல் அடர்ந்திருக்கும் மென்மயிர். வெயிலைத் திருப்பியடிக்கவும் ஈரத்தைக் காக்கவும் செடி போர்த்திக்கொள்வது. நிழலில் உட்காரவைத்து ஊட்டி வளர்த்தால் போர்வை எதற்கு? வெயிலுக்கு மாற்றுங்கள், மண் காய்ந்தபின் அடியில் தண்ணீர் விடுங்கள், உரத்தை நிறுத்துங்கள். புதுத்தளிர் வெளுத்து வரும். பணம் வராது.

கே: இரண்டு பாக்கெட் டஸ்டி மில்லர் விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. போலியா?

ப: மண்ணைப் போட்டு மூடினீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். ஈர மண்ணின்மேல் தூவி, லேசாக அழுத்தி, 10-15 நாள் பொறுங்கள். பாக்கெட்டில் இதெல்லாம் அச்சிட்டே இருக்கும், சார்.

கே: வரப்போரம் நட 20 டஸ்டி மில்லர் ஆர்டர் செய்தேன். பாதிக்கு மெல்லிய ஜரிகை இலை, பாதிக்கு அகல இலை. கேட்டால் "எல்லாமே டஸ்டி மில்லர்தான்" என்கிறார் விற்றவர்.

ப: உங்கள் எரிச்சல் நியாயம். கொடுமை என்னவென்றால், அவர் சொல்வதும் பொய்யில்லை. ஜக்கோபேயா மரிட்டிமா, சென்டாரியா சினராரியா, ஆர்ட்டிமீசியா ஸ்டெல்லெரியானா என்று மூன்று வேறு செடிகள் இந்தப் பெயரில் விலைபோகின்றன. முதலாவதிலேயே 'சில்வர் டஸ்ட்' ரகத்துக்கு ஜரிகை இலை, 'சிர்ரஸ்' ரகத்துக்கு அகல இலை. போதாததற்கு அதன் பழைய பெயரான செனிசியோ சினராரியாவையும் சிலர் லேபிளில் விட்டுவைத்திருப்பார்கள். தாவரப் பெயரும் ரகப் பெயரும் எழுத எவ்வளவு மை செலவாகும்? நானும் பட்டவன்தான். தரையோடு படரும் என்று 12 லாம்ப்ஸ் இயர் (இதுவும் வெள்ளி இலைச் செடிதான்) வாங்கினேன். லேபிளில் இருந்தது "வெள்ளிச்செடி", அவ்வளவே. அடுத்த பருவத்தில் முழங்கால் உயரத்துக்குப் பூத்தண்டு கிளம்பி, பாத்தி பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதிலேயே அதிகம் பூக்காத 'சில்வர் கார்ப்பெட்' ரகம். கேட்காமல் வாங்கியது என் புத்தி. நீங்கள் விளம்பரப் படத்தையும் வந்த செடிகளையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பி, படத்தில் இல்லாத பாதிக்கு மாற்றுச் செடி கேளுங்கள். "காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று" என்றே எழுதுங்கள். பெயர்ச் சண்டைக்குள் போகாதீர்கள், அங்கே அவர் ஜெயிப்பார்.

கே: இரண்டாம் வருஷம் மஞ்சள் பூ வருகிறதே, வேறு செடியா?

ப: அதே செடிதான். இலைக்காக வளர்த்தால் மொட்டிலேயே கிள்ளுங்கள்.

கே: கழித்த இலைகளை முயலுக்குப் போடலாமா? கடையில் "ஒன்றும் ஆகாது" என்றார்கள்.

ப: கூடவே கூடாது. ஜக்கோபேயாவில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருள்கள் உண்டு. அப்படிச் சொன்ன கடையில் இனி பூந்தொட்டி மட்டும் வாங்குங்கள்.