வரி ரசீதில் பெயர் ஏறினால் வீடு உங்களுடையது ஆகிவிடாது

கேள்வி: எனக்கு வயது 68. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. அவருடைய கடைசி நாட்களில்கூடப் பெரிய மகன் எட்டிப் பார்க்கவில்லை. என்னை வைத்துப் பார்ப்பது சின்னவன்தான். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் வசதியாக இருக்கிறாள். கணவர் சம்பாதித்து வாங்கிய வீட்டுக்கு வரி ரசீதும் மின் இணைப்பும் இப்போது என் பெயரில் உள்ளன. முழு வீட்டையும் சின்னவனுக்கு உயில் எழுத நினைக்கிறேன். அவனோ, "உயிலெல்லாம் எதற்கு, செட்டில்மென்டாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்கிறான். பெரியவனுக்கு ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது. என்ன செய்யட்டும்?

பதில்: பெரியவர் எட்டிப் பார்த்தாரா என்று நீதிமன்றம் கேட்காது, அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: வீடு கணவர் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, இறந்த அன்றே அது நான்கு சம பங்காகிவிட்டது. உங்களுக்கு ஒன்று, பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொன்று. அன்று உங்கள் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் ஐந்து. வரி ரசீதை வைத்து உரிமை கொண்டாட முடியாது. உயிலோ செட்டில்மென்டோ, நீங்கள் எழுதக்கூடியது உங்கள் பங்கை மட்டும்தான்.

அந்தப் பங்கை உயிலாக எழுதுங்கள். செட்டில்மென்ட் வேண்டவே வேண்டாம். உயிலைக் கடைசி மூச்சுவரை மாற்றலாம். செட்டில்மென்டில் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. என்னிடம் அழுதுகொண்டு வருகிற பெரியவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இந்தப் பத்திரத்தைத்தான். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்ற வரி அதில் இருக்கும். "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற வரி இருக்காது. மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23-ல் ரத்து கேட்கலாமே என்பார்கள். பராமரிப்பு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு பெரியவர்கள் பக்கம் சாய்ந்த தீர்ப்புகளும் வந்தன. உங்களுக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ள எழுபத்தைந்து வயதில் கோட்டாட்சியர் அலுவலக பெஞ்சில் உட்காரவா போகிறீர்கள்? சின்னவர் தங்கமான பிள்ளையாகவே இருக்கட்டும். செட்டில்மென்ட் எழுதிய பிறகு அவர் தொழிலில் நொடித்தால் கடன்காரர் ஜப்திக்கு வருவது உங்கள் பங்குக்கும் சேர்த்துத்தான்.

உயிலுக்கு இரண்டு சாட்சி என்பது தெரிந்திருக்கும். அவர்கள் சின்னவரின் மச்சான்களாக இருக்க வேண்டாம். வழக்கு வந்தால் ஒருவராவது கூண்டேற வேண்டும். உங்களைவிட இளையவராக, வெளியாளாகப் பாருங்கள். கையெழுத்திடும்போது சின்னவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பெரியவருக்கு ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். திட்டித் தீர்க்க உயில் இடமல்ல.

முழு வீடும் சின்னவருக்கே என்றால், மற்ற இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். பெரியவர் சும்மா எழுத மாட்டார், பணம் கேட்பார். கசக்கத்தான் செய்யும், நியாயமான தொகையென்றால் சின்னவரைக் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின் பாகப்பிரிவினை வழக்கு என்று ஆரம்பித்தால் அதைவிட அதிகம் செலவாகும், வருடங்களும் போகும். நீங்கள் இருக்கும்போது கூப்பிட்டால்தான் மூவரும் ஒரே மேசைக்கு வருவார்கள். அது முடியும்வரை மாடி எடுத்துக் கட்டுகிறேன் என்று சின்னவர் கிளம்பினால் தடுத்து வையுங்கள்.