ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வைத்தியராக முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 21. பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறாள். அவளுடைய தாத்தா எங்கள் ஊரில் நாட்டு வைத்தியம் பார்த்தவர். அவர் எழுதிவைத்த இரண்டு நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. மகளுக்கும் அந்த வழியில் போக ஆசை. பக்கத்து டவுனில் ஒரு மையத்தில் ஓராண்டு ‘அக்குபங்சர் மற்றும் மூலிகை மருத்துவ டிப்ளமோ’ நடத்துகிறார்கள். ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் வகுப்பு, கட்டணம் 45,000 ரூபாய். மத்திய அரசு அங்கீகாரம் உண்டு, முடித்ததும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு கிளினிக் வைக்கலாம் என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம், அம்மா. உங்கள் மகளின் ஆசை நல்ல ஆசை. அதற்கு இந்த வகுப்பு போதாது. ஏன் போதாது என்பதை நீங்களும் அவளும் ஒன்றாக உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. பண்டிகை, மழை, விடுமுறை போக ஆண்டுக்கு 48 ஞாயிறு என்று வையுங்கள். நாலு மணி வீதம் 192 மணி நேரம். அக்குபங்சர் என்பது உடம்பின் குறித்த புள்ளிகளில் மெல்லிய ஊசி போடும் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் 1999-ல் அதன் அடிப்படைப் பயிற்சிக்கென ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. மருத்துவம் படிக்காத ஒருவர் அக்குபங்சர் செய்பவராக ஆக வேண்டுமானால் இரண்டு ஆண்டுகள், மொத்தம் 2,500 மணி நேரம் படிக்க வேண்டும் என்கிறது அது. அதில் 1,000 மணி நேரத்துக்குக் குறையாமல் நோயாளிகளோடு செய்முறைப் பயிற்சி இருக்க வேண்டும். அதே நெறியில் 200 மணி நேரப் பயிற்சி ஒன்றும் உண்டு. ஆனால் அது ஏற்கெனவே முழு மருத்துவப் படிப்பை முடித்த டாக்டர்கள் தங்கள் சிகிச்சையில் அக்குபங்சரையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வதற்கு. அந்த மையம் உங்கள் மகளுக்குத் தரப்போவது, டாக்டர்களுக்குச் சொன்ன அந்தக் குறைந்தபட்சத்தை விடவும் எட்டு மணி நேரம் குறைவு. அதற்குள் மூலிகை மருத்துவமும் சேர்த்தி!

இத்தனை மணி நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். புள்ளிகளை மனப்பாடம் செய்ய அவ்வளவு காலம் வேண்டாம்தான். பதினான்கு நாடிப் பாதைகளில் 361 புள்ளிகள். ஊக்கமுள்ள பிள்ளை ஆறு மாதத்தில் ஒப்பித்துவிடும். தோளுக்கும் மேல்முதுகுக்கும் போடும் ஊசி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது வேறு படிப்பு. ஒல்லியான உடம்பில் அங்கே தோலுக்கும் நுரையீரல் உறைக்கும் நடுவே இருக்கும் தூரம் மிகக் குறைவு. ஊசி சரிந்து இறங்கினால் உறைக்குள் காற்று புகுந்து மூச்சு முட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் எல்ஐ 4, கணுக்காலின் உட்புறம் மேலே இருக்கும் எஸ்பி 6 போன்ற புள்ளிகளைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பது மரபு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், வெறும் வயிற்றோடு வந்து ஊசி போட்டதும் மயங்கிச் சாய்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எச்சரிக்கை. இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கற்றுத்தர முடியாது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று, ‘நில், எடு, சாய்த்துப் போடு’ என்று சொல்லச் சொல்ல நூற்றுக்கணக்கான உடம்புகளைத் தொட்டுத்தான் கை பழகும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நான் சித்த மருத்துவம் படித்துவிட்டுப் பிறகு அக்குபங்சர் கற்றவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இடுப்புவலியோடு என்னிடம் வந்தார். அதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டு மாதம் ஊசி போட்டிருந்தார்கள். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார். உடம்பு இளைக்கிறதா என்று கேட்டேன். பாவாடை நாடா தளர்ந்துகொண்டே போகிறது என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதுகெலும்பில் காசநோய். மருந்து தொடங்கி, பிழைத்து, இன்று நடமாடுகிறார். முன்னே ஊசி போட்டவர் பணத்தாசை பிடித்தவர் என்று நான் நினைக்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்த நோயில் நம் கையை எடுத்துக்கொண்டு நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் உடற்கூறு, நோய் நாடல் எல்லாம் வருடக்கணக்கில் படிக்கிறோம். ‘ரிப்போர்ட் எதுவும் பார்க்காதே, நாடி மட்டும் பிடி, எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்’ என்று கற்றுத்தரும் இடம் எதுவானாலும், அது இலவசமாகக் கற்றுத்தந்தாலும், உங்கள் மகள் அந்தப் படியை மிதிக்கக் கூடாது. இன்சுலினை நம்பியிருக்கும் ஒரு குழந்தைக்கு அந்தப் பேச்சு சில நாட்களில் உயிரை எடுத்துவிடும்.

இனி, ‘மத்திய அரசு அங்கீகாரம்.’ இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2003 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்காமல் ஒரு சிகிச்சை வழியாக ஏற்றுக்கொண்டது. பதிவு பெற்ற மருத்துவர்களோ முறையாகப் பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்கள் மட்டுமே டாக்டர் என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதே ஆணையில்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் வந்த இன்னொரு ஆணை அக்குபங்சரைத் தனித்த நலச் சிகிச்சை முறையாக ஏற்றது. ஆனால் முறையை ஏற்பது வேறு, ஒரு மையத்தின் சான்றிதழை ஏற்பது வேறு. மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிரத்திலும் அக்குபங்சருக்கென்றே மாநிலச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை. ஆக, அந்த மையம் தரும் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்ய இங்கே ஒரு கவுன்சில் கிடையாது.

அப்படியானால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்கள் என்ன? பெரும்பாலும் சங்கப் பதிவு அல்லது அறக்கட்டளைப் பதிவு, ஐ.எஸ்.ஓ. சான்று, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கான தர்ப்பண் எண். எல்லாவற்றிலும் அசோகச் சின்னமோ அரசு முத்திரையோ இருக்கலாம். ஆனால் ரசிகர் மன்றத்தைக்கூடச் சங்கமாகப் பதிவு செய்யலாம். உத்யம் பதிவு இட்லிக் கடைக்கும் கிடைக்கும். இவற்றில் எதுவும் மருத்துவம் கற்பிக்கத் தந்த அனுமதி ஆகாது. ‘எம்.டி. அக்கு’ என்று பட்டமே தருவதாகச் சொன்னாலும் மயங்க வேண்டாம். 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பல்கலைக்கழகமோ சட்டம் அதிகாரம் தந்த நிறுவனமோதான் பட்டம் வழங்கலாம்.

மூலிகை மருத்துவம் பக்கம் வந்தால் சட்டம் இன்னும் தெளிவு. சித்தாவும் ஆயுர்வேதமும் யுனானியும் 2020-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மருந்து எழுதிக் கொடுக்க வேண்டுமானால் அந்த முறையில் அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் பதிவும் வேண்டும். தாத்தா காலத்தில் பரம்பரை வைத்தியர்களுக்குப் பதிவு தந்த வழக்கம் இருந்தது, ஆர்.ஐ.எம்.பி. (பதிவு பெற்ற இந்திய மருத்துவர்) என்று போர்டில் எழுதியிருப்பார்கள். இன்று பரம்பரையைக் காட்டி மட்டும் வைத்தியம் பார்க்க முடியாது. கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. எனக்கு இதில் வருத்தமும் உண்டு. அந்தக் கைகளோடு எவ்வளவோ அறிவும் போய்விட்டது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். காரணம், செடிகளின் பெயர்.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்க ஒரு சிகிச்சையகம் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தது. அதில் சேர வேண்டிய மூலிகையின் சீனப் பெயர் ஃபாங் ஜி. அதே ஃபாங் ஜி என்று முடியும் பெயருள்ள வேறொரு செடி அதற்குப் பதிலாகச் சேர்ந்துவிட்டது. அது அரிஸ்டோலோக்கியா குடும்பச் செடி. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உங்கள் மகள் தாவரவியல் படித்தவள், அரிஸ்டோலோக்கியா என்றதும் அவளுக்குப் புரிந்திருக்கும். நம் கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையும், வேலியில் ஏறும் ஈஸ்வரமூலியும் அந்தக் குடும்பம்தான். ஈஸ்வரமூலிக்குப் பெருமருந்து என்றும் பெயர். பெயரைக் கேட்டால் எவ்வளவு நம்பிக்கை வருகிறது பாருங்கள்!

நம் பெயர்களில் இந்தக் குழப்பம் நிறைய. ஓர் ஊரில் நிலவேம்பையே சிறியாநங்கை என்பார்கள். இன்னோர் இடத்தில் அந்தப் பெயரால் வேறு செடியைக் காட்டுவார்கள். சரியான செடியை எடுத்தாலும் அதன் நஞ்சை நீக்கிச் சுத்தி செய்யாவிட்டால் ஆபத்து. நாவி, எட்டி, சேராங்கொட்டை எதையும் அப்படியே அரைத்துக் கொடுக்க முடியாது. மருந்துச் சட்ட விதிகளில் இப்படிப்பட்ட நச்சுச் சரக்குகளுக்குத் தனி அட்டவணையே உண்டு. அவை சேர்ந்த மருந்தின் லேபிளில் மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் சாப்பிட வேண்டும் என்று அச்சிட வேண்டும். நஞ்சே இல்லாத அதிமதுரத்தைக்கூட ரத்தக் கொதிப்புக்காரர் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கொதிப்பு ஏறும், பொட்டாசியம் குறையும். மருந்துச் சரக்குகளின் குணத்தைச் சொல்லும் குணபாடமும் நஞ்சு நூலும் தனித் தனிப் பாடமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மகளுக்கு என்ன வழி?

அவள் உண்மையிலேயே தாத்தாவின் வழியில் போக வேண்டுமானால் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டப்படிப்பு படிக்கட்டும். நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. நீட் எழுத வேண்டும், ஆனால் பொதுப்பிரிவுக்கு 50 பெர்சென்டைல், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 பெர்சென்டைல் தேறினால் கலந்தாய்வுக்கு வரலாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நீட்டுக்கு இருந்த மேல்வயது வரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள், அதனால் 21 ஒரு தடையே இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சித்தாவுக்கும் உண்டு; பலருக்கு இது தெரியாது, மறக்காமல் விண்ணப்பியுங்கள். அரசுக் கல்லூரிகள் பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் இருக்கின்றன. பாளையங்கோட்டைக் கல்லூரி 1964-லிருந்து நடக்கிறது. படித்து முடிக்க 27 வயது ஆகிவிடுமே என்று யோசிப்பீர்கள். ஆகும். ஆனால் 22 வயதில் ஓராண்டுத் தாளோடு போர்டு மாட்டி, ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் எந்தக் கவுன்சிலும் அவளுக்குத் துணை நிற்காது. உச்ச நீதிமன்றம் 1996-ல் பூனம் வர்மா வழக்கில், தனக்குத் தெரியாத முறையில் வைத்தியம் பார்ப்பவர் போலி மருத்துவர் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறது. அந்த வழக்கில் இழப்பீடு கட்ட வேண்டிவந்தவர் முறைப்படி ஹோமியோபதி படித்தவர். அலோபதி மருந்து கொடுத்ததுதான் தவறு.

அக்குபங்சர்தான் முதலில் வேண்டும் என்றால் பி.என்.ஒய்.எஸ். என்ற யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பைப் பாருங்கள். இதுவும் ஐந்தரை ஆண்டு. அக்குபங்சர் பாடத்திட்டத்திலேயே வருகிறது. தமிழ்நாட்டில் இதற்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடந்துவருகிறது. சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் வயது நிபந்தனையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளியைப் பார்ப்பதைவிடச் செடியோடு இருப்பதில்தான் அவளுக்கு மனம் என்றால், கையில் இருக்கும் தாவரவியல் பட்டத்தையே மேலே கொண்டுபோகலாம். மூலிகையை அடையாளம் காண்பது, கலப்படம் கண்டுபிடிப்பது, தரம் பார்ப்பது எல்லாம் இந்தத் துறையில் ஆள் தேவைப்படும் வேலைகள். மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்கு மேட்டூர் அணையில் மூலிகைத் தோட்டமே இருக்கிறது. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அவள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அந்த மையத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றினால் போய் வாருங்கள். பணம் கட்டாமல் போங்கள். எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி, யார் பக்கத்தில் நின்று பார்ப்பார், அவருடைய பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பயன்படுத்திய ஊசியை எங்கே போடுகிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி, அது துளைபடாத வெள்ளை நிற ஒளிபுகும் டப்பாவுக்குள் போக வேண்டும். ஊசியைக் கழுவி அடுத்தவருக்குப் போடும் வழக்கம் இருந்தால் மஞ்சள் காமாலைக் கிருமி அதன் வழியே பரவும், அங்கே நாற்காலியில்கூட உட்கார வேண்டாம். பெயருக்கு முன் டாக்டர் போடலாம் என்று சொன்னீர்களே, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, தாத்தாவின் நோட்டுகள். அவற்றைப் பார்த்து இப்போது வீட்டில் எதையும் காய்ச்ச வேண்டாம். அளவுகள் பலத்திலும் வராகனிலும் இருக்கும். ஒரு வராகன் 4.2 கிராம், ஒரு பலம் 35 கிராம், வராகனைப் பலமாகப் படித்துவிட்டால் மருந்து எட்டு மடங்காகிவிடும். தாள் உதிர்வதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு, தாத்தாவோடு மூலிகை பறிக்கப் போனவர்கள் ஊரில் யாராவது இருப்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு, நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் அவர் எந்தச் செடியைப் பறித்தார் என்று காட்டச் சொல்லி, மகள் அதன் தாவரவியல் பெயரைப் பென்சிலால் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். அந்த வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.