பேஸ்பால் க்ளீட்ஸ்: வலிக்கும் குதிகால், பிய்யும் முனை

கேள்வி: மகனுக்கு 10 வயது. நியூஜெர்சியில் லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) ஆடுகிறான், வலது கை பிட்சர் (பந்து வீசுபவன்). போன சீசனில் வாங்கிய க்ளீட்ஸ் (அடியில் முள் வைத்த ஷூ) இரண்டே மாதத்தில் வலது கால் முனையில் பிய்ந்துவிட்டது. ஆடி முடித்தால் குதிகால் வலி வேறு. இரும்பு முள் வைத்தது நன்றாக உழைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவன் வயதுப் பிரிவில் இரும்பு முள்ளுக்கு லிட்டில் லீக் விதியே இடம் தராது. சோலோடு சேர்த்து வார்த்த ரப்பர் அல்லது பிளாஸ்டிக் முள்தான் போட வேண்டும். அதோடு, பிய்ந்தது முள் அல்ல, முனை. வலது கை பிட்சர் பந்தை விடும்போது வலது பெருவிரல் பக்கம் மண்ணில் இழுபடும். அந்த இடத்தில் வெறும் மெஷ் துணி இருந்தால் எந்த ஷூவும் தாங்காது. ரப்பர் கவசம் பெருவிரலின் உள்பக்கம் வரை ஏறியிருக்கிறதா, முனையில் சோல் வெறும் பசையில் நிற்காமல் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஷூவைக் கையால் மடக்கும்போது முனையில் இடைவெளி தெரிந்தால் எடுக்காதீர்கள். பிட்சர்களுக்கென்று விற்கும் பாலியூரிதேன் பூச்சை, புது ஷூ மண்ணைத் தொடும் முன்பே முனையில் பூசி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் இன்னும் நல்லது.

குதிகால் வலியை அசட்டையாக விடாதீர்கள். 8 முதல் 14 வயது வரை குதிகால் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் அதை இழுக்க, கீழே முள்ளும் குத்தினால் வலி வரும். நொண்டினால் ஆட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். ஷூவைப் பொறுத்தவரை, குதிகாலடியில் அழுத்தினால் அமுங்கும் மெத்தை வேண்டும். நீளமான சில முட்களைவிட குட்டையான பல முட்களே மேலானவை, பாரம் பரவும். பயிற்சிக்கு டர்ஃப் ஷூ (அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் வைத்தது) போதும், முட்களும் தேயாது.

அளவு பார்க்க மாலையில் போங்கள், ஆடும்போது போடும் தடித்த சாக்ஸையே போடச் சொல்லுங்கள். இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நிற்க வையுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் வேண்டும். பாதம் பக்கவாட்டில் வழிந்தால் அகலமான அளவு கேளுங்கள். பிறகு லேஸ் கட்டி நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள், குதிகால் மேலே கழன்றால் அது அவனுக்கு ஆகாது. வளரும் பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவதுதான் பெரிய தப்பு. கால் உள்ளே வழுக்கி, குதிகால் உரசி, விரல்கள் முன்னே இடிக்கும். அரை சைஸுக்கு மேல் கூட்டாதீர்கள்.

தார்ச் சாலையில் க்ளீட்ஸோடு நடக்க விடாதீர்கள். நனைந்தால் உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துங்கள். ஹீட்டர் பக்கத்திலோ வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலோ வைத்தால் பசை விட்டுப்போகும்.

கேள்வி: சாக்கர் (கால்பந்து) க்ளீட்ஸையே பேஸ்பாலுக்கும் போடலாமா?

பதில்: தொடக்கத்தில் போடலாம். ஆனால் முனையில் முள் இருக்காது, ஓட்டத்தைக் கிளப்பும்போது பிடிப்பு குறையும். முனையில் முள்ளுள்ள பேஸ்பால் க்ளீட்ஸைச் சிறுவர் சாக்கரில் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள்.