ஹார்ட் ஃபெயிலியரும் அன்றாட வீட்டு வேலையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மருந்தெல்லாம் தவறாமல் சாப்பிடுகிறேன். மூச்சு வாங்குவதும் முன்போல இல்லை. ஆனால் வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடுவதில்லை. நான் வேலை செய்யலாமா, கூடாதா டாக்டர்?

பதில்: செய்யலாம். செய்யத்தான் வேண்டும். ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவது அல்ல; உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் சரியாக பம்ப் செய்ய முடியாமல் போவது. ஒரு காலத்தில் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கச் சொன்னதுண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. படுத்தே இருந்தால் கை கால் தசைகள் கரையும். தசை தளர்ந்துவிட்டால், சுலபமாகச் செய்துவந்த வேலைக்கே மூச்சிரைக்கும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதாக நினைத்து இன்னும் அதிகமாகப் படுப்பார்கள்.

எவ்வளவு செய்யலாம் என்பதைப் பேச்சை வைத்தே கண்டுபிடிக்கலாம். வேலை செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிறதா? தொடருங்கள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அப்படியே போட்டுவிட்டு உட்காருங்கள்.

என் அனுபவத்தில் ஏமாற்றும் நாள், உடம்பு நன்றாக இருக்கும் நாள்தான். அன்றைக்கே அலமாரி, ஒட்டடை, துணி எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார்கள். ஒட்டடை அடிப்பதுபோலக் கையைத் தலைக்கு மேலே தூக்கிச் செய்யும் வேலைகள் சீக்கிரம் களைப்பாக்கும். அவற்றை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். காய் நறுக்குவது, துணி மடிப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் உட்கார்ந்தபடியே. ஈரத்துணி வாளியைப் பாதி பாதியாகக் கொண்டு போங்கள். கனமானதைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது பலருக்கும் பழக்கம். அது வேண்டாம், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

கேள்வி: குளித்துவிட்டு வந்தாலே அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது. குளியலில் அப்படி என்ன உழைப்பு?

பதில்: நிறைய இருக்கிறது. நிற்கிறீர்கள், தலை தேய்க்கக் கையைத் தூக்குகிறீர்கள், கால் தேய்க்கக் குனிகிறீர்கள். போதாக்குறைக்குச் சுடுதண்ணீர். சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். உங்கள் மாத்திரைகளில் பலவும் அழுத்தத்தைக் குறைப்பவைதான். இரண்டும் சேர்ந்தால் தலைசுற்றல்.

வழுக்காத ஸ்டூல் ஒன்றைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து குளியுங்கள். சாப்பிட்ட கையோடு குளிக்கப் போகாதீர்கள். கதவை உள்ளே தாழிட வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். குனிந்து பாதத்துக்குச் சோப்புப் போடும்போதோ செருப்பு வாரை மாட்டும்போதோ அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுகிறதா? இதயத்துக்குள் அழுத்தம் கூடியிருப்பதால் அப்படி வரலாம். அடுத்த முறை டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். களைப்பு என்று பொதுவாகச் சொல்வதைவிட இது அவருக்கு உதவும்.

கேள்வி: அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ஆனால் எடை ஏறுகிறது. மெஷின் பழுதா?

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கும். ஏறுவது தண்ணீர், ஒரு லிட்டர் தேங்கினால் ஒரு கிலோ. குடலிலும் கல்லீரலிலும் நீர் தேங்கும்போது பசியும் போய்விடும். காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி அப்படியே நின்றாலும் சொல்லுங்கள். படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்கிறார், ஒரு தலையணைக்கு மூன்று தேவைப்படுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் உடனே ஆம்புலன்ஸ்தான்.

கேள்வி: நீர் பிரியும் மாத்திரையால் ராத்திரித் தூக்கமே போச்சு.

பதில்: எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? ஒருவேளைதான் என்றால் பெரும்பாலும் காலையில் போடலாம்; இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மாலை 4 மணிக்குள். டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே போவதற்காக மாத்திரையையே விட்டுவிடுவது மட்டும் கூடாது.

கேள்வி: முட்டிவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். உப்புக்குப் பதிலாக "சோடியம் குறைந்த உப்பு" வாங்கினேன். இரண்டும் சரிதானே?

பதில்: இரண்டுமே சிக்கல். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள் பலவற்றில் சோடியமும் உண்டு. எது போடலாம் என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த மாற்று உப்பில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம். ஹார்ட் ஃபெயிலியருக்குத் தரும் ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகள் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அது அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தாம்பத்திய உறவு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, பலர் கேட்காமலே பயந்து விலகி இருக்கிறார்கள். நோய் கட்டுக்குள் இருந்து, நிற்காமல் இரண்டு மாடிப் படி ஏறியும் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இல்லையென்றால் பொதுவாகத் தடையில்லை. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ ஸ்ப்ரேயோ பயன்படுத்துபவர்கள் விறைப்புக் குறைவுக்கான சில்டெனாஃபில் (வயாக்ரா) வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.