இரண்டு 'இல்லை'களில் ஒன்று அவருடையது

லிங்கனைத் தவிர, பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லாமலே அரசியலில் நிமிர்ந்து நின்ற வெளிநாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லச் சொல்கிறீர்கள். நல்லவேளை, லிங்கனை நீங்களே ஓரங்கட்டிவிட்டீர்கள். என் பதில் திராகிஷா லாப்செவிச், செர்பிய சோசலிஸ்ட்.

அவர் பெயரை முதலில் பார்த்தது, போரை எதிர்த்த ஜெர்மன் சோசலிஸ்ட் ரோசா லக்சம்பர்க் 1915-இல் சிறையிலிருந்து எழுதிய சிறுநூலில். பேருந்தில் படித்துக்கொண்டிருந்தேன், பெயரை உச்சரிக்க வராமல் தாண்டிப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: ரோசா அவ்வளவு சுலபமாக யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லையே!

1867-இல் மேற்கு செர்பியாவின் மலையூரான உஷிட்ஸேயில் பிறந்தவர். அந்நாட்டு சோசலிசத்தின் முன்னோடி ஸ்வெதோசார் மார்கோவிச் பீட்டர்ஸ்பர்க்கிலும் சூரிச்சிலும் படித்தவர். இளைய தோழர் திமித்ரியே துட்ஸோவிச் சட்டம் படித்தவர். லாப்செவிச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. செர்பியர்கள் 'சாமோஊக்' என்பார்கள், தானாகக் கற்றவன் என்று பொருள். அப்படிக் கற்ற படிப்போடுதான் பத்திரிகையில் எழுதினார், 1903-இல் தொடங்கிய சமூக ஜனநாயகக் கட்சியின் முன்னணியில் இருந்தார், நாடாளுமன்றத்துக்கும் போனார்.

எனக்கு அவரிடம் பிடித்தது ஒரே ஒரு ஓட்டு.

1914 ஜூலை 28-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி போர் அறிவித்தது. பெல்கிரேடில் நின்று பார்த்தால் சாவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஸெமூன் நகரமே எதிரியின் மண். தலைநகர்மேல் குண்டு விழுகிறது. அரசாங்கம் தெற்கே நீஷ் நகரத்தில் இருக்கிறது. நாடாளுமன்றமும் அங்கேதான் கூடுகிறது. போர்ச் செலவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டே பேர் முடியாது என்றார்கள்: லாப்செவிச்சும் வழக்கறிஞர் திரீஷா கட்ஸ்லெரோவிச்சும். சில நாள் கழித்து, ஆகஸ்ட் 4-இல், ஜெர்மனியின் மாபெரும் சோசலிஸ்ட் கட்சி தன் அரசுக்குப் பணம் தர ஓட்டுப் போட்டது. 'நாங்கள் தற்காத்துக்கொள்கிறோம்' என்பதுதான் அவர்கள் சொன்ன சமாதானம். ரோசா மடக்கியது இந்த இடத்தில்தான்: தற்காப்பு என்று சொல்ல எவருக்காவது உரிமை இருந்தால் அது செர்பியாவுக்கு, அந்த ஊர்க்காரர்களே மாட்டோம் என்றுவிட்டார்களே!

அடிக்க வந்தவன் வாசலில் நிற்கும்போது பணம் தரமாட்டேன் என்றது சரியா? எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அது திடீர் வீராப்பு அல்ல. வல்லரசுகளின் சதுரங்கத்தில் காயாகப் போகாமல் பால்கன் நாடுகள் ஒரே கூட்டாட்சியாகச் சேர வேண்டும் என்பதை லாப்செவிச்சின் கட்சி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊரார் துரோகி என்பார்கள் என்று தெரிந்தே அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கிறார். துட்ஸோவிச்சோ படையில் அழைக்கப்பட்டு, அதே வருஷம் நவம்பரில் கொலுபாரா போரில் செத்தார். வயது 33.

போருக்குப் பிறகு கட்சி கம்யூனிஸ்ட் கட்சியானது. 1920 வூகோவார் மாநாட்டுப் பிளவில் லாப்செவிச் மிதவாதிகள் பக்கம் நின்றார், வெளியே போக வேண்டியதாயிற்று. பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய பெயர் என்று ரோசா எழுதி ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு பெரும்பாலும் எழுத்துதான். செர்பிய சோசலிசத்தின் வரலாற்றை 1922-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

1939-இல் பெல்கிரேடில் இறந்தார்.