கம்பு பிரஷ்ஷால் ஜன்னல் கழுவினால் காய்ந்த பிறகு புள்ளி விழுகிறது. எப்படி அலசுவது?

தண்ணீர் வரும் கம்பு பிரஷ்ஷால் மாடி ஜன்னல் கழுவுகிறீர்கள், வடிகட்டிய சுத்தத் தண்ணீர்தான் பயன்படுத்துகிறீர்கள், ஆனாலும் காய்ந்ததும் மேல் பாதியில் புள்ளியும் கோடும் தெரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். "மேல் பாதியில்" என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. தண்ணீரில் கோளாறு என்றால் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்திருக்கும். மேலே மட்டும் என்றால் பெரும்பாலும் சட்டத்திலிருந்து இறங்கிய அழுக்குதான்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். கடைவீடுகள், கிளினிக், தோட்டத்து பங்களா என்று எல்லாம் உண்டு. முதல் வருடம் கடைத்தெருவில் ஒரு கிளினிக்கின் மாடியைக் கழுவிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையிலேயே அங்கிருந்த தாதி அக்கா கூப்பிட்டார். "தம்பி, நேத்துதானே கழுவுனீங்க? வந்து பாருங்க." மேலே ஏறி உள்ளிருந்து பார்த்தேன். கண்ணாடியின் மேல் ஓரத்து ரப்பர் பட்டையிலிருந்து விரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடுகள் இறங்கிக் காய்ந்திருந்தன. ஜன்னலைத் திறந்து பட்டையின் இடுக்கில் நகத்தை விட்டேன். கரித்தூளும் மண்ணும் பாசியும் கலந்து மை மாதிரி வந்தது. நான் அலசி முடித்துக் கிளம்பிய பிறகு அந்த இடுக்கில் தங்கியிருந்த தண்ணீர் மெல்ல வடிந்திருக்கிறது. கண்ணாடியை நான் எவ்வளவு நன்றாக அலசியிருந்தாலும் பிரயோஜனமில்லை.

அதனால் இப்போது முதலில் மேல் சட்டத்தையும் ரப்பர் பட்டையையும்தான் தேய்க்கிறேன். தேய்த்துவிட்டு உடனே கண்ணாடிக்கு இறங்க மாட்டேன். பக்கத்து ஜன்னலின் சட்டத்துக்குப் போய்விடுவேன். நாலைந்து ஜன்னல் சட்டம் முடித்துத் திரும்பி வருவதற்குள் முதலாவது வடிந்து முடிந்திருக்கும். அப்புறம் கண்ணாடியைத் தேய்ப்பேன். கடைசி அலசலை ரப்பர் பட்டைக்கு ஒரு விரல் கீழே இருந்து ஆரம்பிப்பேன். இந்த நேரத்தில் தண்ணீர் மறுபடியும் சட்டத்தில் பட்டால் பழைய கதைதான். பல மாதம் கழுவாத ஜன்னல் என்றால் முதல் தடவை எல்லாவற்றையும் இரண்டு முறை செய்யுங்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒரு முறை போதும்.

சரி, பிரஷ்ஷைக் கண்ணாடியில் வைத்தபடி அலசுவதா, தூக்கி அலசுவதா? அதைக் கண்ணாடியிடம்தான் கேட்க வேண்டும். நனைத்துவிட்டு மூன்று எண்ணும் வரை பாருங்கள். தண்ணீர் திரை மாதிரி பரந்து இறங்கினால் பிரஷ்ஷை எடுக்க வேண்டியதில்லை. லேசாக ஒட்டியபடியே இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று படிப்படியாகக் கீழே கொண்டுவாருங்கள். விசிறி மாதிரி தெளிக்கும் ஜெட் (பிரஷ்ஷில் தண்ணீர் வரும் முனை) இதற்குப் பொருத்தம். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது மாதிரி முத்து முத்தாக உருண்டால் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே பிரஷ்ஷை நாலு விரல் தள்ளிப் பிடித்து, பென்சில் போல நேராக அடிக்கும் ஜெட்டால் முத்துகளைக் கீழே விரட்ட வேண்டும். ஒரு வரிசை போனால் அடுத்த வரிசை அதன் மேல் கொஞ்சம் ஏறியிருக்கட்டும். அவசரமே ஆகாது. தங்கிவிடும் முத்து தூய தண்ணீராக இருந்தால் காய்ந்தும் தெரியாது. அதில் அழுக்கு இருந்தால்தான் புள்ளி. அதனால் இந்த வகைக் கண்ணாடிக்கு நான் இரண்டு மடங்கு நேரம் கொடுக்கிறேன். கூலியையும் அதற்கேற்பத்தான் பேசுகிறேன்.

எங்கள் ஊர் அழுக்குக்கும் தனிக் குணம் உண்டு. பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் கிளப்பும் செம்மண் தூசி கீழ் மூலைகளில் படியும். கடைசியாகக் கீழ்ச் சட்டத்தின் விளிம்பை ஒரு தடவை அலசினால் போய்விடும். ஆலைப் பக்கத்து வீடுகளில் வருவது வேறு. செம்பனை ஆலைக் கொதிகலன்களில் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரிப்பதால் கரித்தூள் வந்து ஒட்டும். நன்றாகத் தேய்த்தால்தான் விடும், வெறும் அலசலுக்கு அசையாது. 2019 செப்டம்பர் புகைமூட்டத்தின் போதும் அப்படித்தான், துடைத்த விரலில் சாம்பல் ஒட்டியது. இதற்கெல்லாம் சோப்பு போடலாமா என்று கேட்பார்கள். நான் போடுவதில்லை. அதன் மிச்சத்தை அலசி எடுப்பது அழுக்கை எடுப்பதைவிடக் கஷ்டம்.

பழைய லயங்களிலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பள்ளிகளிலும் இருக்கும், கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னலுக்குக் கம்பு பிரஷ்ஷே வேண்டாம். எவ்வளவு இறுக மூடினாலும் தண்ணீர் உள்ளே போகும். வாளியும் துணியும் எடுத்துக் கையால் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைப்பதுதான் மரியாதை.

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறீர்கள், ஆனால் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? டாங்கியில் பார்க்காதீர்கள், பிரஷ் நுனியில் வரும் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். 0 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வந்தால் நல்லது, 10-ஐத் தாண்டினால் நான் வேலையை நிறுத்திவிடுவேன். ஆர்ஓ என்ற சவ்வு வடிகட்டி பெரும்பகுதி உப்பை எடுத்துவிடும், மீதியை ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள் எடுக்கும். ரெசின் தீர்ந்தால் சில சமயம் மீன் வாடை அடிக்கும், அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நேரமும் முக்கியம். வெயில் நேராக விழும் சுவரில் நீங்கள் தேய்த்த அழுக்குத் தண்ணீர் அலசுவதற்குள் காய்ந்துவிடும். காலையில் மேற்குச் சுவர், மத்தியானத்துக்குப் பிறகு கிழக்குச் சுவர் என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். நம் கடைத்தெருக்களில் மேலே கம்பி தாழ்வாகத் தொங்குகிற இடங்கள் இருக்கின்றன. கம்பை நீட்டுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலை நான் எடுப்பதில்லை. வீட்டுக்காரர் கேட்டால் காரணத்தைச் சொல்லி, அந்த ஜன்னலுக்கு உண்டான காசைக் கழித்துக்கொள்கிறேன்.