லண்டன் நேரத்தில் வேலை, வெள்ளவத்தையில் நாரி நோ

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 41. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் நாலாம் மாடியில் இருக்கிறோம். முன்பு கோட்டையில் வேலை, பஸ்ஸில் போய் வருவேன். இப்போது மூன்று வருஷமாக லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். பிற்பகல் இரண்டரையிலிருந்து இரவு பத்தரை வரை, சாப்பாட்டு மேசையில்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும்போது வீட்டில் இருக்கிறேன், மாமியையும் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஆனால் ஆறேழு மாதமாக நாரி நோ, கழுத்துப் பிடிப்பு, பின்னேரமானால் கண் எரிகிறது. 61 கிலோ இருந்தவள் இப்போது 68 (உயரம் 5 அடி 2 அங்குலம்). கணவர் வேலையை விடச் சொல்கிறார். விடவா? இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி கூடியிருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

பதில்: வேலையை விட வேண்டாம். ஆனால் கடைசியாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான், நாரி நோ அல்ல.

கர்ப்ப காலத்தில் கூடிய சீனி பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிட்டால், அந்தக் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஒரு தரம் அப்படிக் கூடியவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்தம் சோதிக்க வேண்டும். நீங்கள் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் உயரத்துக்கு 68 கிலோ என்றால் உடல் நிறைச் சுட்டெண் 27ஐத் தாண்டுகிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23க்கு மேலேயே கவனம் தேவை. ஓர் அளவுநாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருப்பது நல்லது. இந்தக் கிழமையே வெறும் வயிற்றில் சீனி, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை), கொலஸ்ட்ரோல், தைரொயிட் பார்த்துவிடுங்கள், பிரஷரையும் அளந்துகொள்ளுங்கள். காசு ஒரு கரைச்சல் என்றால், உங்கள் வயதினருக்குச் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இருக்கின்றன. வருத்தம் வந்த பிறகுதான் போக வேண்டும் என்றில்லை, வராமல் இருப்பதற்காகவே அவற்றை வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்த ஏழு கிலோ எங்கிருந்து வந்தது? முன்பு வீட்டிலிருந்து காலி வீதி வரை நடந்திருப்பீர்கள், பஸ்ஸில் பாதித் தூரம் நின்றிருப்பீர்கள், கோட்டையில் இறங்கி இன்னும் கொஞ்சம் நடை, ஒபிஸில் படி, மதியம் சாப்பாடு வாங்க ஒரு நடை, பின்னேரம் அதே வழியால் திரும்பி வருவது. அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்லவில்லை, அலைச்சல் என்றுதான் சொன்னோம். ஆனால் உடம்பு அதைக் கணக்கில் வைத்திருந்தது. இப்போது உங்கள் பயணம் குசினியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு. அந்தப் புகையும் நெரிசலும் போனது நல்லதுதான், பிள்ளைகள் பசியோடு வரும்போது சூடாக ஒரு சாப்பாடு கொடுக்க முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கும் தெரியும், அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நடையை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு உங்கள் வேலை நேரமே வழி விடுகிறது. லண்டன்காரர் மதியச் சாப்பாட்டுக்கு எழும்பும் பன்னிரண்டு மணி, இங்கே குளிர்காலத்தில் பின்னேரம் ஐந்தரை, அங்கே கோடைக்கு மணிக்கூட்டை மாற்றினால் நாலரை. கொழும்பில் வெயில் தாழும் நேரம் அது. உங்களுக்கும் ஓர் இடைவேளை தருவார்கள்தானே? அந்த நேரத்தில் பாத்திரம் கழுவப் போகாதீர்கள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மெரைன் டிரைவுக்கு இறங்கி, கடல் பக்கமாக அரை மணித்தியாலம் கொஞ்சம் விரைவாக நடந்துவிட்டு வாருங்கள், ஏறும்போது லிஃப்ட் வேண்டாம். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 150 நிமிஷம், உலக சுகாதார நிறுவனம் குறைந்தது என்று சொல்லும் அளவு அதுதான். முதல் மாதம் நிறை இறங்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், நிறை அசையும் முன்பே சீனியைக் கட்டுப்படுத்தும் வேலையை நடை தொடங்கிவிடும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் இந்த நேரத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் அநேகமாக ஒரே கதைதான்: பின்னேரம் பிளேன் டீயோடு இரண்டு ரோல்ஸ், பதினொரு மணிக்கு வேலை முடிந்த களைப்பில் ஒரு கோப்பை சோறு, உடனே படுக்கை. நீங்களும் அப்படியென்றால் மாற்றுங்கள். சோறு வேலைக்கு உட்கார முன், இரவுச் சாப்பாடு பிள்ளைகளோடு ஏழரை மணிக்கு, பத்தரைக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம்.

இனி நாரி. சாப்பாட்டுக் கதிரை அரை மணித்தியாலம் உட்கார்ந்து சாப்பிடுவதற்குச் செய்தது, அதில் நீங்கள் எட்டு மணித்தியாலம் இருக்கிறீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கிடைத்த கதிரையில் இரண்டு கிழமைக்கு என்று உட்கார்ந்தவர்கள், இன்னும் அதே கதிரையில் இருந்து வேலை செய்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். உங்களைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். 5 அடி 2 அங்குல உயரத்துக்குப் பாதம் தரையில் முழுதாகப் படாது, அதனால் நுனிக்கு நகர்ந்து வருவீர்கள், முதுகு சாய்மானத்தை விட்டுவிடும், லப்டொப் தாழ்வாக இருப்பதால் தலை முன்னுக்குத் தொங்கும். நாரி நோவும் கழுத்துப் பிடிப்பும் அங்கேதான் தொடங்குகின்றன.

பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, ஒரு துவாயைச் சுருட்டி நாரிக்குப் பின்னால் வையுங்கள். காலுக்குக் கீழே குசினிப் பலகை. லப்டொப்பைப் பிள்ளைகளின் பழைய தடித்த புத்தகங்களின் மேல் வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். கீபோர்டும் மவுஸும் மட்டும் தனியாக வாங்க வேண்டும், இது ஒன்றுதான் செலவு. அரை மணிக்கு ஒரு தடவை எழும்புங்கள். பெரிய போத்தலில் தண்ணீர் வைக்காமல் சின்னத் தம்ளரில் வைத்தால் தானாக எழும்புவீர்கள். நோவுக்குச் சுடு ஒத்தடம் கொடுக்கலாம், தேவைப்பட்டால் பரசிற்றமோல். பார்மசியில் டைக்குளோபினாக் என்ற நோ மாத்திரையை வாங்கிக் கிழமைக்கணக்காக விழுங்குவது வேண்டவே வேண்டாம், அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். நோகிறது என்று படுத்தே கிடப்பதும் சரியில்லை, இந்த வகை நாரி நோவுக்கு நடைதான் மருந்து.

ஆனால் நோ ஒரு காலால் பாதம் வரை இறங்கினால், கால் விறைத்தாலோ பலம் குறைந்தாலோ, டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்வு குறைந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி நோவதும் அப்படித்தான், நெடுநேரம் அசையாமல் இருப்பவர்களுக்கு அங்கே இரத்தம் கட்டியாகலாம்.

கண்ணுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்து கண் காய்ந்துபோகும், ஃபான் காற்றும் முகத்தில் நேராக அடித்தால் இன்னும் மோசம், அதனால் ஃபானைத் திருப்பி வையுங்கள். உங்கள் மேசைக்கு எதிரே கடல் பக்க ஜன்னல் இருந்தால் மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும், மேசையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்தில் எதையாவது இருபது செக்கன் பாருங்கள். மற்றது வயது. 40க்குப் பிறகு கிட்டப் பார்வை மங்குவது இயல்பு, வெள்ளெழுத்து என்பார்களே, அது. கண்ணாடி தேவையா என்று ஒரு தடவை சோதியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, விடிந்த பிறகும் பொழுதுபட முன்னரும்தான் அதற்கு வேட்டை. அந்த நேரத்தில் உங்கள் கால்கள் மேசைக்குக் கீழே இருட்டில் அசையாமல் இருக்கின்றன. நீளக் காற்சட்டை போடுங்கள், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டைக் கிழமைக்கு ஒரு தடவை கழுவி ஊற்றுங்கள். நாலாம் மாடிக்கு நுளம்பு வராது என்று நினைக்க வேண்டாம், அது உங்கள் வீட்டுத் தட்டிலேயே பொரித்து வளரும்.

கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பின்னேரம் அந்த அரை மணித்தியாலம் மாமியையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்பதை இரண்டு பேருமாக இன்றே பேசி முடிவெடுங்கள், அவர் வேலையால் வரப் பிந்தும் என்றால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். இரத்தச் சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.